சீட்டு தூங்கிய மேசை

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா?

ஜெயித்துவிட்டோம்! வார்டுக்கு மருந்து தாமதமாவது யாரால் என்று மூன்று துறையும் சேர்ந்து படிக்கும் என் வகுப்பின் மருத்துவ, நர்சிங், பார்மசி மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள். "மருந்துச் சீட்டு பின்னாடியே நடந்து பாருங்க" என்று அனுப்பினேன். பார்த்தால், மருந்தகத்துக்கு வெளியே ஒரு மேசையில் சீட்டு ஒரு மணி நேரம் தூங்குகிறது! வைத்தவர், யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று போய்விடுகிறார்; உள்ளே இருப்பவர், கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருக்கிறார். மேசையை எல்லோருமாகத் தூக்கி உள்ளே, மருந்தகத்தார் கண்முன்னால் போட்டோம். இப்போது பத்தே நிமிடம். "இனிமே யார்கூட மேடம் சண்டை போடுறது?" என்றான் வருங்கால டாக்டர்.

தூக்கியதில் முதுகு லேசாகப் பிடித்திருக்கிறது, பயப்படாதீர்கள். தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். மூன்று துறையைச் சேர்த்துவைத்தவளுக்கு, முதுகில் தேய்த்துவிட இங்கே ஆளில்லை.

வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் வாத்தியாரம்மா