அம்பாசிடரின் முதுகில் ஒரு பெயர்

மார்ச் 3, திங்கள்

இந்த மாதக் கடைசியோடு கார் கம்பெனியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. சூப்பர்வைசர் கன்னியப்பன் சாவுச் சேதி சொல்வது போல மெதுவாகச் சொன்னார். வேறு கான்ட்ராக்டர் ஒருவரின் நம்பரும் கொடுத்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு வருஷமாக அசெம்பிளி லைனில் புதுக் கார்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான். எனக்கா பிழைக்கத் தெரியாது?

கல்யாணத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் சண்முகசுந்தரம் சார் ஓர் அம்பாசிடரை வீட்டு வாசலில் விட்டிருக்கிறார். "எம்பளம் எல்லாம் மங்கிப் போச்சும்மா. இத நல்லா செஞ்சா மத்த வண்டிங்களும் உன்கிட்டதான்" என்றார். அது போதும் எனக்கு.

மார்ச் 5, புதன்

பானெட் எம்பளம் சுலபமாக வந்துவிட்டது. டிக்கியில் இருக்கும் பெயர்தான் அடம். எழுத்துகளின் பின்னால் ஊசி ஊசியாக முள் இருக்கிறது. தகட்டுக்குள் நுழைந்து, உள்ளே கிளிப்பில் மாட்டியிருக்கிறது. எல்லாம் துரு. எண்ணெய் அடித்து ஊறவிட்டிருக்க வேண்டும். நான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். இரண்டு முள் போச்சு.

"பதறாத காரியம் சிதறாது" என்றார் மாமியார். ராஜம்மா அத்தைக்கு எதற்கும் ஒரு பழமொழி உண்டு.

போகட்டும். மீதி முள்ளையும் வெட்டிவிட்டேன். ஓட்டைகளை அடைத்துப் பெயிண்ட் அடிக்க பெயிண்டர் டில்லிபாபுவிடம் சொல்லியாச்சு. லைனில் செய்வது போல இருபுறமும் ஒட்டும் டேப் வைத்து ஒட்டிவிடுவேன்.

மார்ச் 8, சனி

எம்பளத்தின் பள்ளத்தில் சிவப்பு நிரப்பினேன். முழுதும் காயும் முன், தட்டைக் கட்டையில் துணி சுற்றி, தின்னரில் நனைத்து மேலாகத் துடைத்தால் மேடு பளபளவென்று வரும், பள்ளத்தில் மட்டும் நிறம் நிற்கும். அழகோ அழகு.

அத்தை: "வூடு பூரா தின்னர் நாத்தம். கொழம்பு கூட அதே வாசன அடிக்குது."

மார்ச் 12, புதன்

ஒட்டியாச்சு! டிக்கியின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு.

என் வீட்டுக்காரர் ஜோயல் டியூட்டி முடிந்து வந்து பார்த்தார். "இன்னா ஷெர்லி, வண்டி சரக்கு போட்டுகினு நிக்கிற மாதிரி கீது?" ஸ்கேலை வைத்துக் காட்டினேன். "ஸ்கேலு கரெக்டுதான். எழுத்துதான் கோணல்" என்கிறார். இன்றைக்கு அவருக்குச் சட்னி கிடையாது.

மார்ச் 13, வியாழன்

ஜோயல் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். கோணல்தான். சந்தேகமே இல்லை.

டில்லிபாபு வந்து பார்த்துச் சொன்னார்: "டிக்கி எப்பவோ அடி வாங்கித் தட்டி நிமுத்துனதுதான் அக்கா. அடி விளிம்பே சாய்வா கீது." அப்போது யாரோ பெயர் நேராகத் தெரியும்படி பார்த்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதைத்தான் நான் அடைத்துவிட்டேன். அடைக்கும் முன் ஒரு பேப்பர் வைத்து அச்சு எடுக்கக் கூடவா தோணல எனக்கு? சீ! லைன்ல வர்ற பாடி எல்லாம் ஒண்ணு போல இருக்கும். அளவு கட்டைய வை, ஒட்டு, அடுத்தது. நாலு வருஷத்துல நான் ஒரு காரையாவது பாத்திருக்கேனா?

ஞாயிறு வல்லக்கோட்டை கோயிலில் கல்யாணம். இந்தக் கார் அதற்குப் போக வேண்டும். அதற்குள் சரி செய்யாமல் விடமாட்டேன்.

மார்ச் 15, சனி

ஹேர் டிரையரால் சூடு காட்டி, நைலான் நூலை எழுத்துக்குப் பின்னால் விட்டு டேப்பை அறுத்து எடுத்தேன். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. கை என்றால் இந்தக் கைதான்.

எழுத்தை அழுத்தாமல் புது டேப்பில் மேலாக நிறுத்திவிட்டு, கேட்டருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் "நேரா இருக்கா?" என்றேன்.

"எனுக்கு இன்னா தெரியும்?" கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "எடப்பக்கம் தூக்குடி. அய்ய, அவ்ளோ இல்ல. லைட்டா... ஆங், நில்லு!"

அழுத்தி ஒட்டினேன். அளந்தால் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. ஸ்கேலைத் தூக்கி உள்ளே போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே சார் வந்துவிட்டார். வந்ததும் டிக்கியில் விரலை வைத்து அளந்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் ஒத்து வரலியே. ஸ்கேல் வெச்சியா?"

 குரலை இறக்காமல் சொன்னேன். "வெச்சேன் சார். கோணலா வந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். பொண்ணு மாப்பிள்ளைய போட்டோ எடுக்கறவரு எங்க நிப்பாரு? அங்கருந்து பாருங்க."

கேட் வரை போய் அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார். "ம்" என்றார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

மார்ச் 20, வியாழன்

சாரிடமிருந்து போன் இல்லை. கன்னியப்பன் சொன்ன கான்ட்ராக்டர்தான் கூப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

கம்பெனி பஸ் பழக்கதோஷத்தில் முனையில் நின்று ஹாரன் அடித்தது. போங்க என்று கை காட்டினேன்.

வாசலில் சார் அனுப்பிய அடுத்த வண்டி, ஒரு கறுப்புக் கார், நேற்று மாலையே வந்து நிற்கிறது. கிளிப்பிலெல்லாம் எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது. பேப்பரில் அச்சு எடுத்தாயிற்று. திரும்பிப் பார்த்தால், அத்தை கீரைக்கட்டை அப்படியே விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் கழட்டவே இல்ல அத்தை."

"பரவால்ல. நான் ரெடியா குந்திகினு கீறேன்."