மாடியில் கம்ப்யூட்டர், கீழே அப்பா

மே 2, 1988. திங்கள்

விடியும்போதே புழுக்கம். கொள்ளிடப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. கல்லூரி லீவு. ஜூன் கடைசிக்குள் தீஸிஸ் கொடுத்தாக வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது என்று கைடு சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்து, தானாகவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. திரை இருட்டு, ஒரு பீப், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சை எழுத்து. என் கணக்கு ஒரு தடவை ஓடி முடிய ஒன்றரை நாள் ஆகும். முடிந்தால்தான் விடை. நடுவில் போனால் எல்லாம் போச்சு.

அண்ணன் கண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. "அப்பாவை நீதானேடீ பாத்துக்கறே. உனக்கு ஏதாவது பண்ணணும்னு தோணித்து." பத்து நாள் இருந்தான். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு அவன் வந்தது அந்த ஒரு தடவைதான். கட்டில் ஓரத்தில் இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பொத்தான், சமையலறையில் மணி. அதுவும் அவன் ஏற்பாடு. அப்பா அழுத்தினால், வீட்டு வேலைக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளவும் இருக்கிற கமலம் ஓடுவாள்.

வாங்க: டெட்டால், பவுடர், ரப்பர் ஷீட், ஃப்ளாப்பி.

மே 3. செவ்வாய்

ஸ்டெல்லா வந்தாள், மேலப்புதூரிலிருந்து இந்த வெயிலில். எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அவள் பொறுப்பு. மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தாள்.

"சூடு பத்மா. மூடி திறந்தே இருக்கட்டும். டேபிள் ஃபேன் இருந்தா வைங்க."

டேபிள் ஃபேன் அப்பா அறையில்தான். எடுத்து வந்தேன். அவருக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறதே. இருந்தாலும் எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பீப். ஸ்டெல்லா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டேபிள் ஃபேனைத் திரும்பக் கீழே வைத்தேன்.

மே 4. புதன்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எலக்ட்ரீஷியன் அந்தோணி வந்தார். "சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இறங்குதுங்க மேடம். ஸ்டெபிலைசர் போட்டா சரியாயிடும்." போட்டார். கொஞ்ச நேரம் நம்பிக்கை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இரண்டு தடவை அணைந்தது.

கமலம் கொல்லைப்பக்கம் யாரிடமோ: "டீச்சரம்மா அந்தப் பொட்டிக்குச் சோறு ஊட்டாத குறைதான்."

சிரிப்பு வரவில்லை.

மே 5. வியாழன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. தலைவலி. நாலாவது அத்தியாயம் அப்படியே. முப்பத்தெட்டு வயதில் இந்தப் பட்டம் எதற்கு என்று கைடு கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மே 6. வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது என்று முடிவு. முதலில் மாடி ஃபேன். வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம் இல்லாததால் கீழே மணி அடிப்பது கேட்டது. அதே நொடி திரை இருட்டு. மறுபடி ஓட்டினேன். மறுபடி மணி, மறுபடி இருட்டு.

கமலத்தை மாடியில் நிற்க வைத்துவிட்டு இறங்கி ஓடி, அப்பா கட்டிலில் பொத்தானை நானே அழுத்தினேன்.

"அணைஞ்சு போச்சுங்க டீச்சரம்மா!" மேலேயிருந்து அவள் கத்தல்.

"அப்பாதான்! அப்பா மணி அடிக்கறதுதான்! இத்தனை நாளா இதுக்கா அலைஞ்சேன்!" சிரித்தேன். பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் பாத்து அடிங்கோப்பா, வேற மணி மாத்திடறேன்" என்றேன்.

அந்தோணிக்குச் சொல்லி அனுப்பினேன். பழைய வயரிங், எல்லாம் ஒரே லைன், எர்த்தும் இல்லையாம்; மணி அடித்தால் கம்ப்யூட்டருக்குப் போகிற கரண்ட் ஒரு நொடி துள்ளுகிறதாம். பேட்டரியில் அடிக்கிற மணி திங்கட்கிழமை கொண்டுவருகிறார்.

மே 7. சனி

கமலம் லீவு. துறையூரில் தம்பி குழந்தைக்குக் காது குத்து. அப்பாவும் நானும் மட்டும்.

கம்ப்யூட்டர் நாள் முழுக்க அணையவில்லை. அப்பா சமர்த்தாகத் தூங்குகிறார். துணி மாற்றப் போனபோது ஈரம். இப்போதுதான் போயிருப்பார் போலிருக்கிறது.

மே 8. ஞாயிறு

கணக்கு முடிந்தது! விடை சரியாக வந்திருக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன். இனி எழுத்து வேலைதான் பாக்கி.

கீழே இறங்கும்போது விளக்கேற்றும் நேரம் தாண்டியிருந்தது. அப்பா இரண்டு வாய்தான் சாப்பிட்டார். ஈரம் மாற்றினேன். அவசரமாக.

மே 9. திங்கள்

கமலம் வந்ததும் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க."

இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

"ரெண்டு நாளா ஐயா மணியே அடிக்கலையா?"

"இல்லை. ஒரு தடவைகூட..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்ப்பா அடிக்கலை?"

இடது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, மாடியைக் காட்டினார்.

கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கமலம் பின்னாலேயே வந்து, ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டுப் போனாள்.

மே 10. செவ்வாய்

நேற்று வராத அந்தோணி இன்று வந்து பேட்டரி மணி மாட்டினார். அப்பாவுக்குக் காட்ட வேண்டுமே என்று கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கமலத்தை மாடியில் நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன்.

"ஓடுதுங்க! அப்படியே ஓடுது!"

"கேட்டேளாப்பா? ஒண்ணும் ஆகலை. இனிமே எப்ப வேணும்னாலும் அடிங்கோ."

தலையாட்டினார். புரிந்துகொண்டுதான் ஆட்டினார். விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தேன். மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மே 11. புதன்

டாக்டர் வந்து போனார். களிம்பு, பவுடர், புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். லேசாகக் காய்ச்சல்.

ஸ்டெல்லா தற்செயலாக எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா, கடைசியில சரியாயிடுச்சு!" ஆமாம் என்றேன்.

அப்பா இன்றும் மணி அடிக்கவில்லை.

மே 13. வெள்ளி

கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்தால் காது கீழேயே இருக்கிறது. ஒரு பக்கம் எழுதினேன். அதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

கண்ணனிடமிருந்து போன், பக்கத்து வீட்டுக்கு. "பெட்டி எப்படிடீ இருக்கு?" நன்றாக இருக்கிறது என்றேன். அப்பாவைப் பற்றிச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மத்தியானம் இறங்கிப் போனேன். கமலம் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டூல் மேலிருந்த டம்ளரைப் பார்த்தபடி படுத்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. பொத்தான் கைக்குப் பக்கத்திலேயே.

"தண்ணி வேணுமாப்பா?"

"ப" என்றார். அது என் பெயர்; பத்மா என்பதில் அவருக்கு வருவது அவ்வளவுதான்.

தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். டம்ளர் முழுதும் குடித்தார்.