சித்திரை பதினாலில் பாஸ்கா

புதுக்கோட்டை
12-6-57

அன்பு மகள் சந்தனமேரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கல்கத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்கும் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன். உன் தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான், கணக்கில் மட்டும் மயிரிழையில். அங்கே மழை தொடங்கியிருக்கும், தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

“கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அப்பா, யார் பார்க்கப்போகிறார்கள்” என்று எழுதியிருந்தாய். போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன், முழுவதும் கேள். வேதாகமத்தில் வரும் பாபிலோன் மாதங்களையும் எபிரேய மாதங்களையும் நம் தேதிகளுக்கு மாற்றி ஒன்பது வருஷமாக அட்டவணை போட்டவன் நான். நம் கோயில் பங்கில் அச்சிடும் ஞானோபதேசப் புத்தகத்தில் சேர்ப்பதாகச் சொல்லி அதை நல்லதம்பி வாத்தியார் வாங்கிப்போனார், எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் வேலையைத் தட்டிக்கொண்டு போன அதே நல்லதம்பி. போன மாதம் அச்சுப் புரூப் என் கையெழுத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். யூதருக்கு முதல் மாதம் நிசான், நமக்கு முதல் மாதம் சித்திரை, ஆகவே நிசான் பதினாலில் வரும் பாஸ்காப் பண்டிகை சித்திரை பதினாலாம் தேதியாம்! ஜெகதாப்பட்டினத்தில் நான் வேலை பார்த்தபோது மரைக்காயர்கள் பிறை கண்டுதான் நோன்பு பிடிப்பார்கள், யூதர் மாதமும் அப்படிப் பிறையில் பிறப்பது, சித்திரையோ சூரியனைக் கொண்டு பிறப்பது. பாஸ்காவன்று முழுநிலவு இருக்கவேண்டும். இந்த வருஷம் சித்திரை பதினாலு அமாவாசையை ஒட்டியல்லவா வந்தது?

நல்லதம்பியிடம் நேரே போய்க் கேட்டேன். “அட விடுங்க சார், அங்கிட்டு மொத மாசம்னா இங்கிட்டும் மொத மாசந்தானே” என்றார். நிலவைச் சொன்னேன். “நெலாவ யாரு சார் அண்ணாந்து பாக்கப்போறா” என்றார், பங்குச் சாமியாரும் கூடச் சிரித்தார். எருசலேம் விழுந்தது பாபிலோன் ராஜாவின் பத்தொன்பதாம் வருஷம் என்று ஓரிடத்திலும் பதினெட்டாம் வருஷம் என்று ஓரிடத்திலும் இருக்கிறது. ராஜா பட்டத்துக்கு வந்த அரைகுறை வருஷத்தைப் பாபிலோன்காரன் எண்ணமாட்டான், யூதரில் சிலர் எண்ணுவார்கள், இரண்டும் சரி என்று விளக்கியிருந்தேன். “ரெண்டு சொன்னா சனங்க கொழம்பும் சார், ஒண்ண அடிச்சாச்சு” என்றார். வேதத்தையே அடித்துத் திருத்தும் வாத்தியார்.

முதல் பக்கத்தில் ‘தொகுத்தவர் அ. அடைக்கலம், பி.ஏ., எல்.டி.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உன்னிடம் மறைப்பானேன், அந்தத் தாளை நாலு நாள் மேசையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை அச்சில் என் பெயர். கையெழுத்துப் போடவும் பேனாவைத் திறந்தேன். அதை நினைத்தால் நல்லதம்பியைவிட என்னைக் கண்டுதான் எனக்கு அருவருப்பு. ஐந்தாம் நாள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் புத்தகத்தை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரமாட்டேன் என்று பதினேழு வருஷமாக நடத்திய ஞாயிறு வகுப்பையும் விட்டுவிட்டேன். நல்லதம்பி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். பாஸ்காவும் சித்திரை பதினாலிலேயே இருக்கிறது.

தேவதாய் உன்னைக் காப்பாளாக. ஜெபமாலையை விடாதே, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. புத்தகம் உன் கைக்கும் வரும். அட்டையில் அப்பா பெயர் இல்லையே என்று அழாதே, விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரியிடமும் காட்டி, இல்லை பார் என்று சொல்.

உன் அப்பா,
அ. அடைக்கலம்