தர்மனின் தாடைத் தழும்பு

செல்வி,

என் போனில் இருந்த குடும்பப் படங்களை நானே கெடுத்துவிட்டேன். நேரில் சொல்லத் தைரியமில்லை, அதனால்தான் இந்தச் சீட்டு.

ஏவிஐஎஃப் என்று படக் கோப்பில் ஒரு புது வகையாம். அதற்கு மாற்றினால் படம் அப்படியே இருக்கும், இடம் மட்டும் கம்மியாகும் என்றார்கள். நம் மாட்டின் படத்தில் சோதித்தேன். மாடு மாடாகவே இருந்தது. உடனே பெரிய விஞ்ஞானி போல எல்லாவற்றையும் மாற்றி, பழையதை அழித்துவிட்டேன்.

“இன்னா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?” என்று நேற்று கேட்டாயே, அப்போதுதான் உன் தம்பி தர்மனின் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். தாடைத் தழும்பைக் காணோம். முகம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. செத்தவனை நான் இன்னொரு முறை அழித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மதியம் உன் அம்மா வருவார்கள். வருஷ திதிக்கு அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டவேண்டும் என்பார்கள். ஏதாவது சொல்லிச் சமாளி. சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

அருவியில் தர்மனை அந்தக் கடைசிப் படம் எடுத்த அவன் கூட்டாளி ராஜதுரையைப் பார்க்கக் கரியாலூர் போகிறேன். நடந்ததைச் சொல்லி, அவனிடம் அசல் இருக்கிறதா என்று கேட்டால், நேற்றிலிருந்து “பாக்கறேன் மாமா” என்றே இழுக்கிறான்.

கோழியை அடைக்க மறந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டு.

பின்குறிப்பு: சீட்டை வைத்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது ராஜதுரையே போனில் கூப்பிட்டான்: “படம் இருக்குது மாமா. ஆனா உங்க போனுக்கு அனுப்பமாட்டேன். அக்கா நம்பரக் குடுங்க.”