அவர் உதட்டில் நான் கேட்டது

மார்ச் 3, செவ்வாய்

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் வந்தால், அவர் எந்த அறையில் இருந்தாலும் எட்டிப் பார்த்து விரல் காட்டுவார் — ஒன்று, இரண்டு, மூன்று. அவர் போய் இருபத்து மூன்று நாளாயிற்று. சாதம் குழைந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மில் சங்கச் செயலாளர் வந்திருந்தார். அவர் பேசியதை மகள் தாளில் எழுதிக் காட்டினாள். பதினைந்தாம் தேதி இரங்கல் கூட்டமாம். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம், அவளே வாசிப்பாளாம். ‘நீ எழுதும்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியும்’ என்று அடியில் எழுதியிருந்தாள்.

மார்ச் 7, சனி

காலையிலிருந்து நாலு தாள் கிழித்தாயிற்று. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. பதினெட்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது எல்லாரும் வாயை அசைத்தார்கள், சத்தம் மட்டும் இல்லை. இனி வராது என்று டாக்டர் சொன்னதை அவர்தான் எனக்கு எழுதிக் காட்டினார். எழுத்தெல்லாம் கோணல்.

அவர் நூல் மில்லில் ஃபிட்டர். அந்த மிஷின் இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது; அங்கே எல்லாரும் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை எனக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மேலுதட்டை மூடிக்கொண்டு அவருக்கு அடர்த்தியான மீசை. கல்யாணத்தில் என் தோழிகள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மீசையைத்தான் பார்த்தார்கள்.

ஒரு காலை குளித்துவிட்டு வெளியே வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வழித்தெடுத்துவிட்டார். உதட்டுக்கு மேலே வெளுத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது முகம். “இப்ப புரியுதா?” என்றார். புரிந்தது. ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள், உனக்கு ரெண்டும் விட்டுப்போச்சா என்று மில்லில் கேலி செய்தார்களாம். பெண்டாட்டி பேச்சுக்கு ஆசைப்பட்டேன், அதான் என்றாராம். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம், ஜுரம் அடித்த நாளில்கூடச் சவரம் தப்பியதில்லை.

யார் வீட்டுக்கு வந்தாலும் எனக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் சத்தமில்லாமல் உதட்டசைவில் திருப்பிச் சொல்வார். நான் சத்தமாகப் பேசிவிட்டால் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவார். நாத்தனார் பேச்சு, பக்கத்து வீட்டு வம்பு, மகளின் பள்ளிக்கூடக் கதை — எல்லாமே நான் அவர் உதட்டில் கேட்டதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதியதைப் பிரதி எடுத்து மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

மகள் அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘பதினொன்னாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு வந்தியே, ஞாபகம் இருக்காம்மா? ஹால் அமைதியா இருந்தப்ப நீ சத்தமா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட. எல்லாப் பொண்ணுங்களும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து உன் முன்னாடியே அப்பாகிட்ட சொன்னேன்: இந்த அம்மா எனக்கு வேண்டாம், இனிமே ஸ்கூல் பக்கம் கூட்டிட்டு வராதீங்க. அப்பா எனக்கு முதுகைக் காட்டி உன் பக்கம் திரும்பி, எப்பவும் போலச் சத்தமில்லாம சொன்னார். நீ சிரிச்சுக்கிட்டே எனக்குச் சாதம் போட்ட. அன்னைக்கே மன்னிச்சிட்ட. அதை மட்டும் நீ எழுதவே இல்ல. எழுதாம விட்டதுக்காக இன்னொரு தடவை நன்றி.’

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னது, “பசிக்குதாம், சீக்கிரம் சோறு போடுங்கறா.”

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கையைத் தடவிக் கொடுத்தேன். இப்போது நானும் அவர் செய்ததையேதான் செய்தேன், இல்லையா?

மார்ச் 11, புதன்

கோபம் கோபமா வருது. இன்னும் என்னென்ன மாத்திச் சொன்னீங்க? நாத்தனார் என் சமையலைப் புகழ்ந்தது நிஜமா? ‘இப்பல்லாம் பெத்தவங்க ஸ்கூலுக்கு வர வேண்டாமாம்’னு சொன்னீங்களே. அவ ப்ளஸ் டூல பரிசு வாங்கினதை நான் போட்டோலதான் பார்த்தேன். நான் செவிடுதான். முட்டாள்னு நினைச்சீங்களா?

யாரிடம் கேட்பது?

தைக்க வந்த ப்ளவுஸ் எதையும் தொடவில்லை. தையல் மிஷின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மில்லில் அவரோடு ஜோடியாக வேலை பார்த்த ஃபிட்டர் நண்பர் பார்க்க வந்தார். மில்காரர், அவர் உதடும் எனக்குப் புரியும். ஆண்டு விழாவில் நடந்ததைச் சொல்லி, மறுநாள் என் வீட்டுக்காரர் மில்லில் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லையாம். என்னடா என்று கேட்டதற்குச் சொன்னாராம்: “ரெண்டு பேரும் என் ஆளுங்க. ஒருத்தி சொன்னதை இன்னொருத்திகிட்ட கொண்டு போய்க் கொடுத்துட்டு, நான் எந்த வீட்டுக்குப் போறது?”

பரிசளிப்பு விழா அன்று லீவு இருந்தும் வேலைக்கு வந்து நின்றாராம். நீயாவது போகலாமே என்று நண்பர் திட்டியிருக்கிறார். அவள் போகாத இடத்தில் எனக்கென்ன வேலை என்றாராம்.

எனக்குத் தெரியாது. அவரும் போகவில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. மகள் கைதட்டு வாங்கியதைப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து ஒருவருமே இல்லை.

செய்தது சரி என்று எழுத மனம் வரவில்லை. அவரை வெறுக்கவும் வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, வருகிற கல்லையெல்லாம் மடியில் வாங்கிக்கொண்டவர். ஆனால் நடுவில் அவர் இருந்ததால் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இதுவும் உண்மை.

மார்ச் 15, ஞாயிறு

மில் கேன்டீனில் கூட்டம். மகள் வாசித்தாள். நான் எழுதியது எனக்கு மனப்பாடம். அதனால் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ‘ப’ சொல்லும்போது வாயின் இடது ஓரம் லேசாகக் கோணுகிறது. ‘அப்பா’ என்ற இடத்தில் முதலில் தெரிந்தது. கடைசி வரி வரும்போது எனக்கு அவள் பேச்சு பிடிபட்டிருந்தது. இத்தனை வருஷம் நான் அவள் வாயைப் பார்த்ததே இல்லை, அவர் வாயைத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். “நீ அன்னைக்குச் சொன்னது, நீ எழுதிக் காட்டற வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா எனக்குச் சொல்லவே இல்ல.”

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அப்போ நீ மன்னிக்கவே இல்லையா என்றாள். உதட்டிலேயே புரிந்தது.

“இப்பத்தான் கேட்டிருக்கேன். கொஞ்சம் நாள் கொடு” என்றேன். “இனிமே எதுவா இருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

மார்ச் 16, திங்கள்

இரண்டு ப்ளவுஸ் வெட்டித் தைத்தேன். மகள் வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள் மகள். மாட்டேன் என்றேன். பேச்சு வளர்ந்தது. “அப்பா இருந்தவரைக்கும் எல்லாத்தையும் அவர் தலையில போட்டுட்டு உக்காந்திருந்த. இப்ப தனியா இருப்பேன்னு வீம்பு” என்றாள். நானும் விடவில்லை; என்னைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறாயா, இல்லை கடன் தீர்க்கக் கூப்பிடுகிறாயா என்று கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பாதி நிஜம். உடம்பெல்லாம் எரிகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பத்து மணிக்கு மகள் வந்தாள். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நேத்து பாதிதான் சொன்னேன். மீதியையும் கேளு” என்றாள்.

தையல் மிஷினை நிறுத்தினேன்.