எண்பது டிகிரியைக் குறைத்தவர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதே, மாடிப்படி ஏற முடிகிறதா என்று எழுது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபத்தைத் தவிர.

"கிருமிக்கும் நமக்கும் என்னடா சொந்தம்?" என்று போனில் கேட்டாயே. புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். மடித்துவிடுவதற்கென்றே செல்லுக்குள் இன்னொரு புரதம் உண்டு. வெந்நீர் ஊற்றில் வாழும் என் நுண்ணுயிரில் இருப்பதும் உன் உடம்பில் இருப்பதும் ஒரே மூதாதை வழி வந்தவை. நுண்ணுயிரில் இருப்பதில் ஒரு பகுதியை நம்முடையதைப் போல மாற்றி, பிழைக்கிறதா என்று நான்கு மாதம் எண்பது டிகிரியில் வளர்த்தேன். பிழைத்தது!

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தால், அதை வளர்க்கும் சூட்டுப்பெட்டி முப்பத்தேழு காட்டுகிறது. பக்கத்து மேசை சீனியர் சிரிக்கிறார்: "தம்பி, தப்பா எண்பதுல வச்சிட்டுப் போயிட்டே. வெள்ளிக்கிழமையே நான் பார்த்துக் குறைச்சேன். இல்லேன்னா அவிஞ்சு போயிருக்கும்."

பதினைந்து வருட அனுபவமாம்! முப்பத்தேழில் வளரும் மனிதச் செல்லைத் தவிர வேறெதையும் வளர்த்ததில்லை.

"அந்தச் சூடுதான் சார் அதுக்கு வீடு. குளிர்ல போட்டுக் கொன்னுட்டீங்க!" என்று கத்தினேன்.

பேராசிரியரோ, "அவர் நல்லதுக்குத்தானப்பா செஞ்சார்" என்கிறார். நல்லதாம்! பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டி வைக்காத என்னையும் சேர்த்து அறைய வேண்டும்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அதனால் அக்கா பிரசவத்துக்கு வர முடியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுகிறேன். அவளிடம் நீயே சொல்லிவிடு.

குழந்தை பிறந்ததும் போன் போட்டு அதன் பக்கத்தில் வை. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் கட் பண்ணிவிடாதே. குழந்தை அழுதால் அழட்டும், சமாதானப்படுத்தாதே.

பெட்டியைப் பார்க்க ஓட வேண்டும்.

உன் மகன்