தாளின் முதுகு

இன்று காலை பழைய சட்டப் புத்தகம் ஒன்றை விரித்தபோது, வரிசையாகத் துளை போட்ட காகிதக் கீற்று ஒன்று மடியில் விழுந்தது. நம் முதல் பிறிண்டரின் தாள் ஓரம். பக்க அடையாளத்துக்கு நீதான் வைத்திருப்பாய். நல்ல நாள் பார்த்துத்தான் விழுந்திருக்கிறது. நீ கண்மூடி மூன்று வருடமாகிறது. ஆனாலும் வென்ற செய்தியை உன்னிடம் சொல்லாதவரை எனக்கு அது வென்றதாகவே தோன்றுவதில்லை.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் இரண்டு பெண்கள் சேர்ந்து சட்டத்தரணி அலுவலகம் திறந்ததே ஊருக்கு வேடிக்கை. அதற்குள் உனக்குக் கொம்பியூட்டர் வேறு வேண்டியிருந்தது. உன் சங்கிலியும் என் காப்பும் அதற்குப் போயின. காத்தான்குடி வியாபாரி இரண்டு பிறிண்டர்களைக் காட்டினார். ஒன்று சத்தமே இல்லாமல் மை தெளித்து அழகாக அச்சடித்தது. மற்றது ஊசிகளால் நாடாவைக் குத்திக் குத்தி அறை அதிரக் கதறியது. நீ கதறுவதை எடுத்தாய். எனக்கு வந்த கோபம் ஒரு கிழமைக்கு ஆறவில்லை.

வாவிக்கரை ஐஸ் ஆலையின் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத்தான் அதை ஓட்டினோம். "உன்ட மெசினுக்குப் பல்லுக்குத்து கா" என்று நக்கலடிப்பேன். "கத்தட்டும். அதுக்குப் பல்லு இரிக்கே" என்பாய். அதில் என்ன பெருமை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு உன்னிச்சையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள், இருந்ததெல்லாம் வட்டை என்கிற ஊர் வயல்வெளியில் ஒரு துண்டு வயல். வழக்கு நாளன்று ஆமிக்காரர் பாதையைப் பூட்டியிருந்ததால் அவளால் வாவியைக் கடந்து வர முடியவில்லை. அவள் இல்லாமலே தீர்ப்பாகி, வயல் எதிராளிக்குப் போய்விட்டது. அதை நீக்கக் கேட்டு மனுப்போடப் பதினான்கு நாள். அவள் நம்மிடம் வந்து சேர்ந்ததே பதினான்காம் நாள் காலையில்.

பதினொரு பக்க மனுவையும் சத்தியக்கடதாசியையும் உன் மெசின் கதறிக் கதறி முடித்தது. நீதிமன்றக் கந்தோர் பூட்ட இருபது நிமிடம் இருக்கும்போது பதிவாளரிடம் போய் நின்றோம். அவர் தாளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, கையால எழுதணும், இல்லாட்டி டைப் பண்ணணும். இது ரெண்டுமில்லயே. போட்டோக் கொப்பிய அசல் எண்டு கொண்டாந்து தாறாக்கள் கூடிப் போனாங்க. இது அசலா நகலா எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

விதிப் புத்தகம் எழுதிய காலத்தில் கொம்பியூட்டரே இல்லை. நான் அதைச் சொல்லி வாதாடத் தொடங்கினேன். திரும்பத் தட்டெழுத நேரமில்லை. அந்தப் பெண் தூணோடு ஒட்டி நின்று நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயோ நிதானமாக மனுவை எடுத்து, முகம் கீழே இருக்கத் திருப்பி, அவர் முன்னால் வைத்தாய்.

"வழக்கமாப் பாக்கிறமாதிரியே பாருங்க ஐயா."

போட்டோக் கொப்பியில் இருக்காத தட்டெழுத்துத் தடத்தைத் தேடும் பழக்கத்தில் அவர் சுட்டுவிரலை வைத்துத் தடவினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். ஊசி குத்திய தடம் வரிவரியாக முதுகில் எழும்பி இருந்தது.

"ம். குத்தியிரிக்கு" என்றார். மனுவில் முத்திரை விழுந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தம் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்து நிறுத்தி, உனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"நாலு வருசமா அந்த மனிசன்ட விரலத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறன். மறுகா ஆருக்காக மெசின் வாங்கின எண்டு நினைச்சாய்?"

அந்த வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, அடுத்த போகம் அவள் வயலை அவளே விதைத்தாள். ஆறு மாதத்துக்குள் ஊரில் மூன்று அலுவலகங்கள் கதறின. எல்லோருக்கும் உன் மெசின்தான் வேண்டியிருந்தது.

இப்போது கதையே வேறு. முதலீட்டாளர் பணத்தோடு ஒரு கம்பெனி கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. மனுவை மெசினே எழுதுமாம், இணையத்திலேயே பதியுமாம். இளம் சட்டத்தரணிகளில் பாதிப்பேருக்குக் கொண்டாட்டம், மீதிப்பேருக்குப் பிழைப்புப் போய்விடுமோ என்று பயம். புதிய விதிகள் எழுதும் குழுவில் என்னையும் போட்டார்கள். கம்பெனிப் பையன்கள் பெரிய திரையில் எல்லாம் காட்டி முடித்ததும் நான் ஒன்றுதான் கேட்டேன். மனு எடுபட்டது என்று கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? போனுக்குச் செய்தி வரும் என்றார்கள். போனில் சிக்னல் இல்லாதவருக்கு? திரையை மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டத் தொடங்கினார்கள்.

நான்கு கூட்டம் சண்டை பிடித்தேன். பழைய பஞ்சாங்கம் என்றுகூட ஒருவர் முணுமுணுத்தார். கடைசியில் விதி என் சொல்படிதான் எழுதப்பட்டது. இணையத்தில் பதியும் ஒவ்வொரு மனுவுக்கும், அழுத்த முத்திரை குத்திய கடதாசிப் பற்றுச்சீட்டு ஒன்று கட்சிக்காரர் கையில் கொடுபட வேண்டும்.

இன்றைக்குத்தான் முதல் சீட்டு. பனிச்சங்கேணி மீனவர் ஒருவர், வள்ளத்துக்காக வழக்குப் போட்டவர். மனு இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அவரால் நம்ப முடியவில்லை.

"அம்மா, இது மெய்யாவே எடுபட்டிட்டா? சும்மா பொத்தானத்தானே அமத்தின நீங்க?"

நான் சீட்டைத் திருப்பி அவரிடம் கொடுத்தேன். "முதுகைத் தடவிப் பாருங்க" என்றேன்.

வலை இழுத்துக் காய்த்த பெருவிரலால் அவர் மெல்லத் தடவினார். முகம் மலர்ந்தது.

"ஓம். குத்தியிரிக்கு."